உடைந்த கண்ணாடி யாருக்கு ஆகாது?

ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டுப் பம்பலப்பிட்டி நோக்கி வரும்போது, கொழும்புத் தமிழர்கள் வழிநெடுகத் தேங்காய் உடைக்கிறார்கள். முகத்துவாரம் காளி கோயிலில் அநியாயம் செய்தவரை மனத்தில் நிறுத்தி உடைக்கிறார்கள். புதுக் கடை திறந்தால் வாசலில் நீற்றுப்பூசணி சிதறுகிறது. எவ்வளவு நன்றாகச் சிதறுகிறதோ அவ்வளவு திருப்தி. இதே மனிதரின் வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ கொட்டாஞ்சேனை வீட்டிலோ முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கைதவறி விழுந்து உடையட்டும். “வீட்டுக்குக் கூடாது” என்று முதியவர்கள் முணுமுணுப்பார்கள். “ஏழு வருசத்துக்கு ஆட்டும்” என்று பிள்ளைகள் பாதி கேலியாகவும் பாதி பயமாகவும் சொல்வார்கள்.

இரண்டும் உடைதல்தான். ஒன்று நேர்த்தியாகவும் மற்றது சகுனப் பிழையாகவும் ஆனது எப்படி? இந்த அச்சம் ஆதியிலிருந்து அப்படியே வந்த தமிழ் நம்பிக்கை என்று எண்ணத் தோன்றும். சற்றுப் பிரித்துப் பார்த்தால், வெவ்வேறு காலத்திலும் வெவ்வேறு திசையிலிருந்தும் வந்த பல இழைகள் இதில் முறுக்கிக் கிடப்பது தெரியும்.

உலோகக் காலமும் கண்ணாடிக் காலமும்

தமிழ்ச் சடங்கு மரபில் கண்ணாடி மங்கலப் பொருள். எட்டு மங்கலங்களில் நிறைகுடத்தோடும் விளக்கோடும் அதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது. கோயிலில் தீபாராதனைக்குப் பின் குடை, சாமரம், விசிறியோடு கண்ணாடியும் தெய்வத்துக்குக் காட்டப்படுகிறது. ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 20ஆம் பாசுரத்தில் நோன்புக்கு வேண்டிக் கேட்கும் பொருள்களில் விசிறியும் கண்ணாடியும் வருகின்றன. 1927இல் கேரளத்துக் களவங்கோட்டுக் கோயிலில் நாராயண குரு நிலைநிறுத்தியது கண்ணாடியையே. தென்குமரியில் அய்யா வைகுண்டர் வழியினரின் நிழல்தாங்கல்களிலும் கருவறையில் கண்ணாடிதான் இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்து அஞ்சும் மரபாக இது தெரியவில்லை.

ஆண்டாள் காலத்துக் கண்ணாடி மெருகேற்றிய உலோகம். வெண்கலத் தட்டு விழுந்தால் கீறும், நெளியும். நூறு துண்டாகச் சிதறாது. கேரளத்து ஆறன்முளாவில் இன்றும் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கிறார்களே, அந்த வகை உலோகம் விழுந்தால் வெடிக்கக்கூடியதுதான். ஆனால் அது ஒரு சில குடும்பங்களின் கைப்பக்குவத்தில் பிறக்கும் அரிய பொருள். வீட்டுக்கு வீடு தொங்கியதில்லை. எனவே உடைந்த கண்ணாடி பற்றிய அச்சம் பொதுச்சனத்தின் அச்சமாக வேண்டுமானால், முதலில் மலிவான கண்ணாடி வீடுகளுக்குள் வந்திருக்க வேண்டும்.

அது வந்தது பிற்காலத்தில். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வெனிசின் முரானோத் தீவில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் பூசிச் செய்த கண்ணாடிகள் அரண்மனைச் சரக்கு. பிரான்சின் வெர்சாய் மாளிகைக் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகளைப் பதித்தது அரசனின் செல்வத்தை உலகுக்குக் காட்டத்தான். 1835இல் ஜேர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபொன் லீபிக் கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டறிந்தார். அந்த முறை தொழிற்சாலைகளுக்குப் போன பின்னரே சாதாரண மனிதன் தன் முகத்தைத் தெளிவாகத் தினமும் பார்க்கத் தொடங்கினான். தினமும் உடைக்கவும் தொடங்கினான்.

உரோமர்கள்தான் ஏழு ஆண்டுக் கணக்கைத் தொடக்கினார்கள், உடல்நலம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது என்று அவர்கள் நம்பினார்கள் என்றொரு விளக்கம் எங்கும் சொல்லப்படுகிறது. உரோமரின் கண்ணாடிகளிலும் பெரும்பாலானவை உலோகத் தட்டுகள் என்பதை அந்த விளக்கம் மறந்துவிடுகிறது. ஆங்கிலேயரான பிரான்சிஸ் குரோஸ் 1787இல் நாட்டுப்புற நம்பிக்கைகளைத் தொகுத்தபோது, கண்ணாடி உடைந்தால் குடும்பத்தில் சாவு விழும் என்ற நம்பிக்கையையே எழுதிவைத்தார். ஏழு ஆண்டுத் துரதிர்ஷ்டம் என்ற பேச்சு 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில்தான் தலைகாட்டுகிறது. சாவு என்ற பெரிய தண்டனை ஏழு ஆண்டாகக் குறைந்த காலமும், கண்ணாடி மலிவான காலமும் ஏறக்குறைய ஒன்றே. எந்நாளும் உடையும் பொருளுக்கு மரண தண்டனை விதித்தால் நம்ப ஆள் இருக்காது.

பின்னம், கொள்ளிக்குடம், சனி

ஐரோப்பியரிடமிருந்து வந்த பேச்சு இறங்குவதற்குக் கொட்டாஞ்சேனை வாய்ப்பான இடம். புனித லூசியாள் பேராலயமும், பக்கத்தே கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும், சைவக் கோயில்களும், விகாரையும் ஒரு சுற்று நடந்தால் பார்த்துவிடக்கூடிய பகுதி அது. கத்தோலிக்கத் தமிழர், கொழும்புச் செட்டிகள், பரதவர், பறங்கியர், சிங்களவர், மலையாளிகள் என்று பல சமூகத்தவரும் ஒருவர் வீட்டுச் சகுனத்தை மற்றவர் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஆனால் வெளியிலிருந்து வரும் நம்பிக்கை வெறும் நிலத்தில் முளைப்பதில்லை. சைவத்தில் பின்னமான மூர்த்திக்குப் பூசை கிடையாது. கை முறிந்த சிலையைக் கருவறையில் வைத்திருக்கக் கூடாது என்பது ஆகம விதி. மரணச் சடங்கில் கொள்ளி வைப்பவர் தோளில் குடம் சுமந்து சுற்றி வர, ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் துளையிட்டு, முடிவில் அதைப் போட்டு உடைப்பார்கள். பாண்டம் உடையும் அந்த ஓசை தமிழர் காதில் ஒரு முடிவின் ஓசையாகப் பதிந்திருக்கிறது. ஆகவே வீட்டுக்குள் ஏதும் சிதறினால் நெஞ்சு திடுக்கிடுவதற்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை. பானை போதும், பீங்கான் போதும்.

அடுத்தது எண். சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. அதைப் பன்னிரண்டு இராசிக்கும் பங்கிட்டால் ஒரு இராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. சந்திரன் நின்ற இராசி, அதற்கு முன்னது, பின்னது ஆகிய மூன்றையும் சனி கடக்கும் காலமே ஏழரைச் சனி. இந்தக் கணக்குத் தெரியாதவருக்கும் அந்தப் பெயர் தெரியும். சனிக்கிழமைகளில் கொழும்புக் கோயில்களின் நவக்கிரகச் சந்நிதிகளில் எள்ளெண்ணெய் விளக்குகளின் வரிசையைப் பார்த்தால் அதன் பிடி புரியும். ஏழாண்டுத் துன்பம் என்ற ஆங்கிலப் பேச்சு தமிழ்க் காதில் விழுந்தபோது, உட்காரத் தயாராக ஒரு நாற்காலி இருந்தது. என் வாசிப்பில், கண்ணாடி நம்பிக்கை நம்மிடையே இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இந்த ஏழும் ஏழரையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதே.

முதற் பார்வை

ஜேம்ஸ் பிரேசர் 1890இல் முதன்முதலாக வெளியிட்ட பெருநூலில், பிம்பத்தை உயிரின் பகுதியாகக் கருதும் வழக்கங்களைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டினார். சாவு வீட்டில் கண்ணாடிகளை மூடிவைப்பதை அவர் அந்த நம்பிக்கையோடு இணைத்தார். இலங்கையில் சிங்கள மரண வீடுகளில் சுவர்ப் படங்களைத் திருப்பி வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் இத்தீவின் கண்ணாடிச் சடங்குகளில் மிக ஆழமானது வேறொன்று.

புதிய புத்தர் சிலைக்குக் கண் எழுதும் நேத்திர மங்கலத்தில், சிற்பி சிலையை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. சிலைக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்தே தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டிக் கண்மணியைத் தீட்டுகிறார். அப்போது பிறக்கும் முதற் பார்வை தாங்க முடியாதது என்பது நம்பிக்கை. பின்னர் கண்ணைக் கட்டி அவரை வெளியே அழைத்துச் செல்வார்கள். கட்டு அவிழ்ந்ததும் அவர் பார்வை படும் பொருளை அவரே வாளால் வெட்டுவார் அல்லது உடைப்பார். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்தக் கண்திறப்புச் சடங்குக்கு இடம் கொடுத்தார். ரிச்சர்ட் கோம்பிரிச் 1966இல் அதைத் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தார். சைவக் கும்பாபிஷேகத்திலும் கண் திறந்த மூர்த்திக்கு முதலில் காட்டப்படும் பொருள்களில் கண்ணாடியும் கன்றோடு கூடிய பசுவும் இருக்கின்றன.

குமாரசுவாமி கொழும்பில் பிறந்த தமிழர் மகன். கொட்டாஞ்சேனையில் கருங்கல்லால் எழுந்து நிற்கும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைத் தம் தந்தை கட்டிய இடத்திலேயே 1912இல் புதுக்கி முடித்த சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு அவர் தாய்மாமன் மகன். ஒரே குடும்பத்தின் ஒருவர் கோயிலைக் கட்டினார், மற்றவர் சடங்கின் பொருளைத் தேடினார்.

நேத்திர மங்கலத்தில் கண்ணாடி ஆபத்தைத் தடுக்கும் கவசம். உடைப்பதும் இங்கே ஆபத்தைக் கழிக்கும் வழி. தேங்காய்க்கும் நீற்றுப்பூசணிக்கும் இதே விதிதான். மனிதன் நினைத்து, நேரம் பார்த்து உடைத்தால் தீமை கழிகிறது. நினையாமல் உடைந்தால் தீமை வருகிறது. இலண்டனில் மூடநம்பிக்கைகளை எள்ளி நகையாடவென்றே அமைந்த பதின்மூவர் கழகம் 1894இல் நடத்திய விருந்தில் கண்ணாடிகளை வேண்டுமென்றே உடைத்துக் காட்டினார்கள். அவர்களும் இந்த விதியை மீறவில்லை. தாங்களாகத் தீர்மானித்து உடைத்தார்களே தவிர, கைதவறி உடைந்ததை யாரும் அரங்கேற்றவில்லை. நம் கையை மீறி ஒன்று நடந்துவிட்டதே என்பதுதான் அச்சத்தின் வேர். கண்ணாடி அதற்கு ஒரு சாட்டு.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி திரோபிரியந்துத் தீவுகளில் இதையே கண்டார். அமைதியான கடற்கழியில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு மந்திரம் தேவைப்படவில்லை. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குத் தேவைப்பட்டது. 2014இல் சாங், ரைசன், ஹோசி ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகள் இன்னொன்றைக் காட்டின. வாய்தவறி விதியைச் சீண்டிவிட்டோம் என்று நினைப்பவர்கள், மேசையில் தட்டுவது, பந்தை வீசுவது போல உடலிலிருந்து வெளிநோக்கித் தள்ளும் செயலைச் செய்தால் அவர்களின் பயம் தணிகிறது; பந்தைச் சும்மா கையில் பிடித்திருந்தால் தணிவதில்லை. நாவூறு கழிக்கும்போது உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் எறிவதையும், தேசிக்காயைச் சந்தியில் வீசுவதையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். பாட்டிமார் ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்ட உண்மை அது: பயம் கைவழியே வெளியேறும்.

பாமன்கடை ஒழுங்கையில் ஒரு சவால்

இந்த அச்சங்களோடு நேருக்கு நேர் மோதிய மனிதர் ஒருவர் வெள்ளவத்தையிலேயே வாழ்ந்தார். ஆபிரகாம் தோமஸ் கோவூர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். கண்ணாடிக்குப் பேர்போன ஆறன்முளா அங்கிருந்து தூரமில்லை. 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்க வந்தார். பின்னர் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் பணியாற்றி 1959இல் ஓய்வு பெற்றார். பாமன்கடை ஒழுங்கையில் தம் வீட்டுக்குப் பிறந்த ஊரின் பெயரையே வைத்திருந்தார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக அங்கிருந்துகொண்டு பேய் வீடு, ஏவல், சூனியம் என்று வந்த முறைப்பாடுகளை ஆராய்ந்தார்.

1963இல் அவர் விடுத்த சவால் பெரும் பேச்சானது. ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் இயற்கையை மீறிய ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய். மூடி முத்திரையிட்ட பணத்தாளின் தொடரிலக்கத்தைச் சொல்வது பட்டியலில் ஒன்று. பத்துப் பேரின் பிறந்த நேரத்தையும் இடத்தையும் வைத்து ஆணா பெண்ணா, இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று சொல்வது இன்னொன்று. 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் பெறவில்லை. கூரையில் கல் விழுகிறது, பொருள்கள் தாமாக உடைகின்றன என்ற வீடுகளில் அவர் தேடியது ஒரு மனிதக் கையை. அந்தக் கைக்குப் பின்னாலிருந்த மனவேதனையை. இறந்த பின் கண்களையும் உடலையும் தானமாகக் கொடுத்தார். எலும்புக்கூடு தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு என்று எழுதிவைத்தார்.

கோவூர் சவாலில் தோற்கவில்லை. ஆனால் நகரமும் அவர் பக்கம் சாயவில்லை. கோம்பிரிச்சும் கணநாத் ஒபயசேகரவும் 1988இல் எழுதிய நூலில் காளி, ஹூனியம் வழிபாடுகள் வளர்ந்தது கொழும்பு போன்ற நகரச் சூழலில்தான் என்று காட்டினார்கள். கிராமத்தின் உறவுகள் அறுந்து, வேலையும் வாடகையும் நிச்சயமற்றுப்போன இடத்தில் சகுனத்துக்குக் கேள்வி கூடுகிறது. படிப்பும் பதவியும் இதற்கு மருந்தில்லை. 2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலின் நாளைச் சோதிட ஆலோசனை கேட்டே குறித்தார்கள் என்பது அப்போது ஊரறிந்த செய்தி. நாள் குறித்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அந்தத் தேர்தலில் தோற்றார்.

ஆணி, உப்புக்காற்று, ரயில்

“யாரும் தொடவேயில்லை, தானா விழுந்து உடைஞ்சது” என்பதுதான் கண்ணாடிச் சகுனங்களில் மிகவும் பயங்கொள்ளச் செய்வது. கடலோர வெள்ளவத்தையில் அதற்கு மறுமொழி சுவரிலேயே இருக்கிறது. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளுக்குள் உப்புக்காற்று நாள் முழுவதும் வீசுகிறது. இரும்பு ஆணி தலையிலிருந்து துருவேறி, சுவருக்குள் இருக்கும் பகுதி உப்பி, பூச்சைப் பிளக்கிறது. கண்ணாடியின் பின்னே கட்டிய கம்பி முறுக்கிய இடத்தில் மெலிகிறது. கரையோரப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் யன்னல் நடுங்குகிறது. கண்ணாடியின் ஓரங்களில் கரும்புள்ளி படர்ந்தால், ஈரமும் உப்பும் வெள்ளிப் பூச்சை அரித்துவிட்டன என்று பொருள்; ஆணியின் நிலையும் அப்படித்தான் இருக்கும். ஒருநாள் காலையில் அது விழுகிறது. பல ஆண்டு வேலை அன்றைக்கு முடிந்திருக்கிறது.

கண்ணாடி ஏன் நெளியாமல் சிதறுகிறது என்பதற்கு 1920இல் பொறியியலாளர் ஏ. ஏ. கிரிஃபித் விளக்கம் தந்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் மேற்பரப்பில் எப்போதும் உண்டு. இழுவிசை அவற்றின் நுனியில் குவிந்து, ஒரு எல்லை தாண்டியதும் பிளவு ஓடிவிடுகிறது. கண்ணாடி வெட்டும் கடையொன்றில் சற்று நின்று பார்த்தால் இதே கோட்பாடு தொழிலாக நடப்பதைக் காணலாம். வெட்டுபவர் சிறு சக்கரத்தை மண்ணெண்ணெயில் தோய்த்து, மட்டப்பலகையை ஒட்டி ஒரே இழுப்பாக ஒரு கோடு கீறுகிறார். மேசை விளிம்பில் கோட்டை வைத்து ஒரு அழுத்து. கண்ணாடி சொன்ன இடத்தில் சொன்னபடி பிரிகிறது. கழிவுத் துண்டுகள் மூலையில் குவிகின்றன. ஒரு உடைவுக்கு ஏழு ஆண்டு என்றால், அந்தத் தொழிலாளியின் கடன் பல பிறவிக்கு நீளும். அவர் உண்மையில் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது தன் விரல்களை.

உடைத்த கைகள்

கொழும்பில் கண்ணாடி உடைந்த பெரிய நாள்களைக் கணக்கெடுத்தால் சகுனத்தின் பலவீனம் இன்னும் தெளிவாகும். 1983 ஜூலை 25ஆம் திகதி வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளின் முகப்புகள் நொறுங்கின. தாக்க வந்தவர்களின் கையில் தமிழர் வீடுகளை அடையாளம் காட்டும் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. 1996 ஜனவரி 31ஆம் திகதி விடுதலைப் புலிகள் கோட்டையில் மத்திய வங்கிமீது வெடிமருந்து லொறியை மோதினார்கள். 91 பேர் இறந்தார்கள், சுமார் 1,400 பேர் காயப்பட்டார்கள். சுற்றுக் கட்டடங்களின் யன்னல் கண்ணாடிகள் சிதறி, ஏறக்குறைய நூறு பேர் பார்வை இழந்தார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் வழிபாட்டின் நடுவே குண்டு வெடித்தது.

சுபநேரமும் காக்கவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். நாடு முழுவதும் நேரம் பார்த்து அடுப்பு மூட்டிய நாள். அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் புதைந்து இறந்தார்கள். அயலவர்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வந்த மேடு அது.

இந்த நாள்களை நாம் பேச்சுவழக்கில் “கெட்ட காலம்” என்கிறோம். துயரத்தைத் தாங்க அந்தச் சொல் உதவுகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே சொல் திட்டமிட்டவரையும், ஏவியவரையும், பார்த்துக்கொண்டு நின்ற அதிகாரத்தையும், குப்பையை மேலும் மேலும் கொட்டியவரையும் கிரகங்களின் பின்னால் ஒளித்துவிடுகிறது. உடைந்ததற்குக் காரணம் தேடும் மனம் சகுனத்தில் ஓய்ந்துவிட்டால், உடைத்த கையைத் தேடாது.

வீட்டுக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே உடைத்த கை உடனே அகப்பட்டுவிடும். அது பெரும்பாலும் மருமகளின் கை, அல்லது மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பணிப்பெண்ணின் கை. ஏனெனில் கண்ணாடியைத் துடைப்பவர்கள் அவர்கள். அடுத்த மாதம் வீட்டில் யாருக்கோ வருத்தம் வந்தாலும், வெளிநாட்டு விசா தள்ளிப்போனாலும், கலியாணப் பேச்சு முறிந்தாலும், அந்த உடைவு நினைவுக்கு வரும். ஏழு ஆண்டு என்பது ஒரு குடும்பத்தில் ஏதாவது ஒரு துன்பம் வந்தே தீரும் நீளம். அதனால் இந்தச் சகுனம் ஒருபோதும் பொய்ப்பதில்லை. பலசாலிகளின் குற்றத்தைக் காலத்தின்மேல் போடுவதற்கும், எளியவர்களின் கைத்தவறைக் குற்றமாக்குவதற்கும் ஒரே நம்பிக்கை பயன்படுகிறது. அதன் மெய்யான தீங்கு இதுதான்.

விளக்கேற்றி மனம் ஆறுபவர்கள் ஆறட்டும். எள்ளெண்ணெய் யாரையும் காயப்படுத்தாது. உடைந்த கண்ணாடி மட்டும் காயப்படுத்தும். நகரத்தில் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2016 நவம்பரிலிருந்து இருக்கிறது. ஆனாலும் கண்ணாடித் துண்டுகளைச் சமையல் கழிவோடு ஒரே பையில் கட்டி வைக்கிறவர்கள் இன்னும் உண்டு. விடியற்காலையில் அந்தப் பையை வெறுங்கையால் தூக்குகிறவர்களும் உண்டு. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒன்று உடைந்தால், யாரையும் ஏசாதீர்கள். துண்டுகளைப் பத்திரிகைத் தாளில் தடிப்பாகச் சுற்றி, ஒரு அட்டைப் பெட்டியில் இட்டு ஒட்டி, மேலே சிங்களத்திலும் தமிழிலும் ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, மாநகர சபைத் தொழிலாளியிடம் சொல்லிக் கொடுங்கள். பிறகு ஒரு துருப்பிடிக்காத ஆணி வாங்குங்கள்.